கர்ணம், மணியம் பரம்பரை ஒழிந்தது 1968-லா, 1980-லா?

மேலூர்க் கதிர்:
கிராம நிர்வாக அலுவலர் பதவி எப்படி வந்தது என்று போன வாரம் இங்கே ஒருவர் எழுதியிருந்தார். அதில் ஒரு வரி: "பரம்பரை கர்ணம், மணியம் முறையை எம்.ஜி.ஆர். 1980-ல் ஒரே இரவில் ஒழித்தார்." கர்ணம் என்றால் ஊர்க் கணக்கு எழுதியவர், மணியம் என்றால் வரி வசூலித்தவர். அந்த வரியைப் பாராட்டி இத்தனை பேர். ஒருவருக்காவது சந்தேகம் வரவில்லையா? பரம்பரை உரிமையை ஒழித்தது 1968-ல் வந்த சட்டம். அப்போது அண்ணா முதலமைச்சர். 1895-ஆம் ஆண்டின் பரம்பரை கிராமப் பதவிகள் சட்டத்தை ரத்து செய்தது அதுதான். 1980-ல் போனது கர்ணம், மணியம் என்ற அந்தப் பகுதிநேரப் பதவியே. இரண்டும் வேறு.

உசிலைக்காரன்:
அந்த "ஒருவர்" நான்தான். பெயரைச் சொல்லியே எழுதியிருக்கலாம் கதிர் அண்ணே, ஒன்றும் குறைந்துவிடாது. 1968-ல் சட்டம் வந்தது எனக்கும் தெரியும். வந்து என்ன ஆனது? பதவியில் இருந்தவர்கள் தொடரலாம் என்று அந்தச் சட்டமே சொன்னது. எங்கள் பக்கத்து ஊர்களில் 1979-லும் அதே வீட்டுத் திண்ணையில்தான் கணக்கு. அந்தத் திண்ணை காலியானது 1980 நவம்பரில். ஊர்க்காரனுக்கு எது ஒழிப்பு?

மேலூர்க் கதிர்:
இருந்த ஆள் தொடர்வது பரம்பரை ஆகாது தம்பி. அப்பாவுக்குப் பிறகு மகன் உரிமையோடு கேட்டு வாங்குவதுதான் பரம்பரை. அந்தக் கதவு 1968-ல் மூடிவிட்டது. 1970-ல் தனிப் பணி விதிகளே வந்தன. அதன் பிறகு நியமனம் அந்த விதிப்படிதான். இன்னும் பின்னால் போனால், 1960 டிசம்பரிலேயே ஆந்திராவின் ஒரு கிராம முன்சீப் (மணியத்தின் இன்னொரு பெயர்) வழக்கில், அதே 1895 சட்டத்தின் பரம்பரைப் பிரிவு அரசு வேலையில் சம வாய்ப்பு தரும் அரசியல் சாசனத்தின் 16-ஆம் பிரிவுக்கு எதிரானது என்று உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. 1980 வரை பரம்பரை இருந்தது என்று எழுதுவது இவ்வளவையும் அழித்துவிட்டு எழுதுவது.

உசிலைக்காரன்:
விதி வந்தது, சரி. நியமனம் யாருக்குப் போனது? ஊருக்குள் வீடும், கணக்குப் பழக்கமும், தாலுகா ஆபீஸில் செல்வாக்கும் யாரிடம் இருந்தன? அதே வீட்டாரிடம்தானே! தாளில் 1968, தரையில் 1980. உங்களுக்குத் தாள் போதும், எனக்குப் போதாது.

கணக்கர் வீட்டுப் பேத்தி:
அதே வீடு, அதே வீடு என்று நாலு தடவை சொல்லிவிட்டீர்கள். அந்த வீடுகளில் ஒன்று என்னுடையது. எந்த வயல் எந்த மடையில் பாயும், எந்தப் புறம்போக்கு கண்மாய்க்குச் சேரும் என்று தாத்தா நோட்டைப் பார்க்காமல் சொல்வார். சம்பளம் என்று கையில் வந்தது சொற்பம். 1980 நவம்பரில் அவரைப் போல 20,000 பேருக்கும் மேல் ஒரே அவசரச் சட்டத்தில் வெளியே போனார்கள். ஒழித்த பெருமையை அண்ணாவுக்குக் கொடுப்பதா எம்.ஜி.ஆருக்குக் கொடுப்பதா என்றுதான் உங்கள் இருவருக்கும் சண்டை. வேலை போய் வீட்டுக்கு வந்தவர்களைப் பற்றி ஒரு வரி கிடையாது.

உசிலைக்காரன்:
உங்கள் தாத்தா நல்லவராக இருக்கலாம் அக்கா. எங்கள் தாத்தா அடங்கல் என்ற பயிர்க் கணக்கில் தன் பயிரைப் பதிவு செய்ய யார் வாசலில் எவ்வளவு நேரம் நின்றார் என்பது எங்கள் வீட்டுக் கதை. எந்த வாசலில் உட்காரலாம், எதில் நிற்க வேண்டும் என்று சாதி பார்த்த காலம் அது. அதனால்தான் 1980 எங்களுக்குப் பெரிது.

மேலூர்க் கதிர்:
உணர்ச்சி வேறு, ஆண்டு வேறு. 1980 நவம்பர் 13 அன்று பிறப்பித்த அவசரச் சட்டம், பிறகு வந்த 1981-ஆம் ஆண்டுச் சட்டம், இரண்டும் ஒழித்தது பகுதிநேரக் கிராம அலுவலர் பதவிகளை. வழக்கு உச்ச நீதிமன்றம் போய் 1982-ல் சட்டம் செல்லும் என்று தீர்ப்பானது. பரம்பரை உரிமை 1968-லேயே முடிந்த கதை என்பது அந்தத் தீர்ப்பிலும் வருகிறது. படித்துவிட்டு வந்து பேசுங்கள். 1968. நூறு தடவை கேட்டாலும் 1968.

திருமங்கலம் ஓய்வூதியர்:
நான் கிராம நிர்வாக அலுவலராக வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். இவ்வளவு நேரமாக ஆண்டுக்கு அடித்துக்கொள்கிறீர்கள். அந்த ஆள் என்ன வேலை பார்க்கிறான் என்று ஒருவராவது கேட்டீர்களா? அடங்கல், சிட்டா, 'அ' பதிவேடு என்ற நிலக் கணக்குகள், நிலவரி வசூல், பயிராய்வு, பிறப்பு இறப்பு, சாதி வருமானச் சான்றுக்கு விசாரணை, முதியோர் உதவித்தொகை விசாரணை, புறம்போக்கு ஆக்கிரமிப்பு, தீ, வெள்ளம், அடையாளம் தெரியாத பிணம் கிடந்தால் போலீசுக்குத் தகவல். வருவாய்த் துறைக் கணக்குக்கான பசலி ஆண்டு ஜூலை 1-ல் தொடங்கும். ஜமாபந்தி என்ற வருடாந்தரக் கணக்குத் தணிக்கை வந்தால் மூட்டை கட்டிக்கொண்டு தாலுகா ஆபீஸ் போய், ஒவ்வொரு கணக்குக்கும் பதில் சொல்ல வேண்டும். முன்பு கர்ணம் கணக்கு, மணியம் வசூல், தலையாரி காவல், வெட்டியான் ஏவல், நீர்க்கட்டி மடை என்று ஆள் ஆளுக்குப் பிரித்துப் பார்த்தார்கள். கணக்கும் வசூலும் சேர்ந்து ஒரே தலையில் விழுந்தது 1980-க்குப் பிறகுதான்.

உசிலைக்காரன்:
கேட்டீர்களா கதிர் அண்ணே? வேலை பார்த்தவரே 1980-க்குப் பிறகு என்கிறார்.

மேலூர்க் கதிர்:
அவர் வேலையைப் பற்றிச் சொன்னார், பரம்பரையைப் பற்றி அல்ல. ஐயா, நீங்களே சொல்லுங்கள். 1975-ல் ஒரு கர்ணம் இறந்தால், மகன் என்ற ஒரே காரணத்துக்காக அந்தப் பதவி மகனுக்குச் சட்டப்படி போகுமா?

திருமங்கலம் ஓய்வூதியர்:
சட்டப்படி போகாது. ஆனால் போன இடங்களை நான் பார்த்திருக்கிறேன்.

மேலூர்க் கதிர்:
முதல் வாக்கியம் போதும் ஐயா. நன்றி.

கணக்கர் வீட்டுப் பேத்தி:
இரண்டாவது வாக்கியத்தை விட்டுவிட்டீர்களே. போன மாதம் நாட்டாண்மை பற்றிய விவாதத்திலும் இதையேதான் செய்தீர்கள்.

மேலூர்க் கதிர்:
அதை ஏன் இங்கே இழுக்கிறீர்கள்? அன்று நான் சொன்னதும் சரி. 1816 ஒழுங்குமுறைச் சட்டங்களிலிருந்தே கிராம முன்சீபுக்குச் சின்ன வழக்கை விசாரிக்கும் அதிகாரம் இருந்தது என்றேன். நீங்கள்தான் அதைப் பஞ்சாயத்து நாட்டாமையோடு போட்டுக் குழப்பினீர்கள்.

வாடிப்பட்டி குரூப் 4:
நான் டிஎன்பிஎஸ்சிக்குப் படிக்கிறேன். கேள்வித்தாளில் வந்தால் எந்த ஆண்டைக் குறிப்பது? 2018-லிருந்து கிராம நிர்வாக அலுவலர் தேர்வையும் குரூப் 4-ல் சேர்த்துவிட்டார்கள். கிராமத்தைப் பற்றித் தனியாகப் படிக்க வேண்டிய தேவையும் போய்விட்டது.

திருமங்கலம் ஓய்வூதியர்:
அதுதான் தம்பி தப்பு. அடங்கல் எப்படி இருக்கும் என்று பார்க்காமலே வேலைக்கு வருகிறார்கள். பணியிட கிராமத்தில் தங்குவதும் இல்லை.

உசிலைக்காரன்:
தங்கினால் மட்டும்? பட்டா மாறுதலுக்கு ஒரு அலுவலகத்தில் எங்கள் அப்பாவை மாதக்கணக்கில் அலைய விட்டார்கள். மனு இணையத்தில் போட்டாயிற்று, ஆள் மட்டும் நேரில் வர வேண்டுமாம்.

திருமங்கலம் ஓய்வூதியர்:
எல்லாரையும் ஒரே தராசில் போடாதீர்கள். ராத்திரி பன்னிரண்டு மணிக்குக் கண்மாய்க் கரையில் திருட்டு மண் லாரியை மறித்து நின்றவர்களும் இதே வேலைதான் பார்த்தார்கள்.

மேலூர்க் கதிர்:
பட்டாவுக்கும் மண் லாரிக்கும் தனியாக விவாதம் தொடங்குங்கள். தம்பி, தேர்வில் "பரம்பரை" என்று கேட்டால் 1968, "பகுதிநேரம்" என்று கேட்டால் 1980. உசிலைத் தம்பி அந்த வரியைத் திருத்தும்வரை நான் இதை எழுதிக்கொண்டேதான் இருப்பேன்.

உசிலைக்காரன்:
எழுதுங்கள். ஒரு எழுத்தைக்கூட மாற்ற மாட்டேன். 1980.