ராஞ்சோ சான் அன்டோனியோ: பூமாவை விடுங்கள், எலி வீட்டைப் பாருங்கள்

கலிஃபோர்னியாவில் இருக்கும் ராஞ்சோ சான் அன்டோனியோ என்ற இயற்கைப் பூங்காவில் என்ன விலங்குகளைப் பார்க்கலாம் என்ற கேள்விக்கு, பாதிப் பேர் பூமா என்ற மலைச் சிங்கத்தைப் பற்றியே எழுதியிருக்கிறீர்கள். நான் அதை எச்சரிக்கைப் பலகையில் பார்த்ததோடு சரி. எதிரே வந்தால் ஓடக்கூடாது. குழந்தையைத் தூக்கிக்கொண்டு, நிமிர்ந்து நின்று சத்தம் போட வேண்டும். அவ்வளவுதான் எனக்குத் தெரிந்தது.

பாப்கேட் என்ற காட்டுப்பூனையைப் பார்க்க வேண்டுமா, காலையிலேயே அங்கிருக்கும் டீர் ஹாலோ பண்ணைப் பக்கத்துப் புல்வெளிக்குப் போங்கள். நான் பார்த்தது, கோஃபர் எலி தள்ளிப் போட்ட மண்குவியலையே முறைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தது. வீட்டுப் பூனையைப் போல இரண்டு மடங்கு உடம்பு, வாலோ கட்டை. ஓட்டப் பயிற்சிக்காரர்கள் பக்கத்திலேயே போனார்கள். காது மட்டும் அவர்கள் பக்கம் திரும்பியது. மண் லேசாக அசைந்ததும் ஒரே பாய்ச்சல். எலியைக் கவ்விக்கொண்டு சாவகாசமாகப் புதருக்குள் நடந்துபோனது.

என் கட்சி என்னவோ உட்ராட் என்ற காட்டெலி கட்டும் வீடுதான். ஓடையோர மர நிழலில், யாரோ விறகு பொறுக்கிக் குவித்ததுபோல ஆள் இடுப்பு உயரத்துக்குச் சுள்ளிக் குவியல் தெரியும். பெரும்பாலோர் குப்பை என்று தாண்டிப் போய்விடுகிறார்கள். உள்ளே படுக்க ஓர் அறை, தீனி சேர்க்கத் தனி அறை! பெரும்பாலும் ஒரு வீட்டுக்கு ஓர் எலிதான். அது போனால் அடுத்தது குடியேறி மேலே இன்னும் சுள்ளி அடுக்கும். படுக்கையைச் சுற்றி பே லாரல் என்ற வாசனை மரத்தின் இலையைக் கடித்துக் கடித்துப் போடுமாம், தெள்ளுப்பூச்சியை விரட்ட. அந்த இலையை ஒருமுறை கசக்கி முகர்ந்து பாருங்கள், பிரிஞ்சி இலையெல்லாம் பக்கத்தில் நிற்காது.

ஓக் மரங்கள் பக்கம் ஏகார்ன் மரங்கொத்தி இருக்கும். பட்டுப்போன மரத்தில் துளை போட்டு, துளைக்கு ஒரு ஏகார்னாக, அதாவது ஓக் மரக் கொட்டையாக, செருகி வைக்கும். கொட்டை காய்ந்து சுருங்கினால் எடுத்துச் சின்னத் துளைக்கு மாற்றும். குடும்பமே காவல் இருக்கும்.

1972-இல் வாக்காளர்கள் ஓட்டுப் போட்டு இந்த மாதிரித் திறந்தவெளி நிலங்களைக் காக்கும் மிட்பென் அமைப்பை உருவாக்கினார்கள்; இல்லையென்றால் இந்த மலையடிவாரத்திலும் வீடுகள் ஏறியிருக்கும் என்பது என் கணிப்பு.

நாய்க்கு அனுமதி இல்லை. மூன்று மூன்றாக இலை விட்ட பாய்சன் ஓக் செடியைத் தொட்டுவிடாதீர்கள், அரிப்பு தாங்காது. புல் ஓரம் நடந்தால் வீட்டுக்கு வந்ததும் உண்ணி ஏறியிருக்கிறதா பாருங்கள். வயிறு நீலமாக இருக்கும் ஓணான் மாதிரிப் பல்லியை மட்டும் விரட்டாதீர்கள். அதன் இரத்தத்தைக் குடித்த குட்டி உண்ணிக்குள் உண்ணிக் கடியால் பரவும் லைம் நோயின் கிருமி செத்துவிடும்.