வெடி போடாத ஊரில் எம்.டி.-12

பள்ளத்தூர் இடக்கண்காரன்:

என்னிடம் நிக்கான் எஃப்.எம்.2 ஃபிலிம் கேமரா இருக்கிறது. அதன் அடியில், ஃபிலிமைத் தானாகச் சுற்றிவிடும் எம்.டி.-12 மோட்டார். எட்டு பேட்டரிகளையும் போட்டால் அம்மிக் குழவியைக் கழுத்தில் கட்டித் தொங்கவிட்டது போலிருக்கும். அந்தக் கனம் பழகிவிட்டது. சத்தம்தான் இன்னும் பழகவில்லை. எனக்கல்ல, சுற்றியிருப்பவர்களுக்கு.

போன தை மாதம் வேட்டங்குடிப் பறவைகள் சரணாலயத்துக்குப் போயிருந்தேன். கொள்ளுகுடிப்பட்டிக் கண்மாயில் கருவேல மரம் கொள்ளாத அளவுக்கு நத்தைகுத்தி நாரைகள். பறவைகள் மிரண்டுவிடும் என்று தீபாவளிக்குக்கூட வெடி போடாத ஊர் அது. ஒரு நாரை சிறகை விரித்து இறங்கியது, விசையை அழுத்தினேன். 'சட்-கிர்ர், சட்-கிர்ர்.' நான்காவது படத்துக்குள் மரத்தில் பாதி காலி. கரையில் ஆடு மேய்த்துக்கொண்டிருந்த அப்பத்தா ஒருவர், "எங்கள் பிள்ளைகளே பொட்டு வெடி அறியாமல் வளர்ந்தவர்கள். நீ எதைத் தூக்கிக்கொண்டு வந்திருக்கிறாய், தம்பி?" என்றார். கேமராவைப் பைக்குள் வைத்துவிட்டேன்.

கழற்றிவிட வேண்டியதுதானே என்பீர்கள். நான் இடது கண்ணால் பார்ப்பவன். எஃப்.எம்.2-வில் ஃபிலிம் சுற்றும் லீவரைச் சற்று வெளியே இழுத்தால்தான் வெளிச்சத்தை அளக்கும் ஒளிமானி விழிக்கும், ஷட்டர் பொத்தானும் அழுந்தும். அந்த லீவர் நேராக என் முகத்துக்கு வருகிறது. மூக்குக்கண்ணாடியில் இரண்டு கீறல்கள் விழுந்தாயிற்று. மோட்டாரை மாட்டினால் லீவரை உள்ளே தள்ளிவிட்டு, மோட்டார் விசையைப் பாதி அழுத்தினாலே ஒளிமானி வேலை செய்கிறது. அந்தப் பாதி அழுத்தலுக்காகத்தான் இத்தனை பாரமும். வேகம் யாருக்கு வேண்டும்? நொடிக்கு மூன்று படம் என்றால் 36 படச் சுருள் 12 நொடியில் தீர்ந்துவிடும். அந்தக் காசுக்கு நான் எங்கே போவேன்?

இப்போது புதிதாக ஒரு 'கீச்' சத்தமும் சேர்ந்திருக்கிறது. பழுது பார்ப்பவர் ஒருவர் தையல் மிஷின் எண்ணெய் இரண்டு சொட்டு விடச் சொன்னார். விடலாமா?

காரைக்குடி கல்யாணப் படக்காரன்:

எண்ணெய் விடாதீர்கள். அது பல்சக்கரத்தோடு நிற்காது. மின் தொடுமுனைக்கு ஊர்ந்துபோகும், மோட்டார் கேமராவோடு இணையும் முனை வழியாக மேலேயும் ஏறும். காய்ந்த பழைய கிரீஸைத் துடைத்துவிட்டுப் புதியது வைக்கத் தெரிந்தவரிடம் கொடுங்கள்.

சத்தத்தோடு நான் பல ஆண்டுகள் குடித்தனம் நடத்தியவன். நம் செட்டிநாட்டு வீட்டு வளவில் மேலே வானம், சுற்றிலும் தூண், கீழே கல்தளம். மோட்டார் ஒருமுறை சுற்றினால் இரண்டாம் கட்டுவரை கேட்கும். திருப்பூட்டும் நேரத்தில் கெட்டிமேளம் முழங்குகிறதே, அதற்குள் எத்தனை படம் வேண்டுமானாலும் ஓட்டிக்கொள்வேன், ஒருவருக்கும் தெரியாது. மேளம் நின்றால் கையும் நின்றுவிடும். ஒருமுறை கை நிற்கவில்லை. பெரியவர்கள் ஆசீர்வாதம் சொல்லிக்கொண்டிருந்தபோது என் மோட்டார் கிர்ரிட்டது. பந்தியில் எனக்கு இலை போடச் சற்றுத் தாமதமாயிற்று, அவ்வளவுதான். சிராவயல் மஞ்சுவிரட்டுக்குக் கொண்டுபோங்கள். அங்கே உங்கள் மோட்டாரை யார் கேட்கப்போகிறார்கள்?

மின்சாதனக் கிறுக்கன், தேவகோட்டை:

சாதாரண அல்கலைன் பேட்டரி எட்டு போட்டால் 12 வோல்ட். ரீசார்ஜ் செய்யும் வகை ஒவ்வொன்றும் 1.2 வோல்ட்தான், எட்டுக்கு 9.6. மோட்டார் கொஞ்சம் மெதுவாகச் சுற்றும், சத்தத்தின் கூர்மையும் சற்று இறங்கும். கேமராவுக்குள் இருக்கும் கண்ணாடியும் ஷட்டரும் போடும் 'சட்' அப்படியேதான் இருக்கும். வயர் கட்டித் தூரத்திலிருந்து இயக்கலாம் என்று யாராவது யோசனை சொன்னால் கேட்காதீர்கள். நீங்கள் தூரத்தில் இருப்பீர்கள், சத்தம் பறவையின் மடியில் இருக்கும்.

குன்றக்குடி வாசகி:

நானும் இடக்கண்காரிதான். மோட்டாரைக் கழற்றிவிட்டுக் கேமராவைத் தலைகீழாகப் பிடித்துப் பாருங்கள். விளையாட்டாகச் சொல்லவில்லை. லீவர் முகத்துக்கு மறுபக்கம் போய்விடும். காட்சி கண்ணுக்கு நேராகத்தான் தெரியும். பிரிண்ட் போட்டபின் படத்தைத் திருப்பிக்கொண்டால் ஆயிற்று.

பள்ளத்தூர் இடக்கண்காரன்:

கிரீஸ் மாற்றியாயிற்று, 'கீச்' போய்விட்டது. ஐயா சொன்னபடி மோட்டார் இனி மஞ்சுவிரட்டுக்கு. இப்போதைக்குப் பேட்டரியை எடுத்துவிட்டு அலமாரியில் வைத்திருக்கிறேன். உள்ளேயே விட்டு உப்புப் பூத்த ஒன்றை ஏற்கெனவே பார்த்தாயிற்று.

அக்கா சொன்னதை நம்பாமல்தான் செய்து பார்த்தேன். லீவர் குத்தவில்லை. ஆனால் வெளிச்சம் அதிகம் என்று காட்டும் ஒளிமானியின் கூட்டல் குறி கீழே போய்விட்டது, குறைவு என்று காட்டும் கழித்தல் மேலே ஏறிவிட்டது. பழக்கதோஷத்தில் ஏறுமாறாகத் திருப்பி முதல் ஆறு படங்களைப் பாழாக்கினேன். அதற்குப் பிறகுதான் உறைத்தது. ஏழாவதில் ஒரு சாம்பல் நாரை மீனோடு நிற்கிறது. மரத்தில் ஒன்றுகூட அசையவில்லை.

அப்பத்தா அன்றும் கரையில்தான் இருந்தார். வெகுநேரம் என்னையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "மேலே கீழே தெரியாமல் பிடித்திருக்கிறாயே தம்பி, யாராவது சொல்லித்தரக் கூடாதா?" என்றார்.