46 கி.மீ. பூ வண்டிக்கு எவ்வளவு பேட்டரி வேண்டும்?

மல்லித்தோட்டம் எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். திருமங்கலத்தை அடுத்த எங்கள் ஊரிலிருந்து மாட்டுத்தாவணிப் பூச்சந்தை 23 கி.மீ. தொலைவில் இருக்கிறது. இருட்டோடு பறித்த மல்லிகையை வண்டி பிடித்துக் கொண்டு சேர்ப்பதற்குள் விலை இறங்கிவிடுகிறது என்பதால், பழைய சரக்கு டிரைசைக்கிளின் முன்பாகத்தை வைத்துக்கொண்டு, பின்னால் சதுரக் குழாயில் சட்டம் அடித்து, இரண்டு பின் சக்கரங்களையும் சுழற்றும் 1000 வாட் 48 வோல்ட் டிஃபரன்ஷியல் மோட்டார் பொருத்தி ஒரு மூன்று சக்கர வண்டி கட்டியிருக்கிறேன். பேட்டரி இல்லாமல் 130 கிலோ நிற்கிறது. என் எடை 70 கிலோ, பூ மூட்டைகள் அதிகம் போனால் 90 கிலோ. 25 கி.மீ. வேகம் எனக்குப் போதும்.

கடைக்காரர் 12 வோல்ட் 100 ஆம்பியர் மணி லெட் ஆசிட் பேட்டரி நான்கு போடச் சொல்கிறார். வோல்ட்டையும் ஆம்பியர் மணியையும் பெருக்கினால் மொத்தம் 4800 வாட் மணி, மோட்டார் 1000 வாட், ஆகவே ஐந்து மணி நேரம் ஓடும், 100 கி.மீ. தாராளம் என்பது அவர் கணக்கு. லித்தியம் என்றால் 51.2 வோல்ட் 60 ஆம்பியர் மணி வாங்கத்தான் என் கையில் பணம் இருக்கிறது. எதை வாங்குவது? சந்தைப் பக்கம் உள்ள உறவினர் வீட்டில் நடுவே சார்ஜ் போட வேண்டி வருமா? தோட்டத்துப் பம்புசெட் அறையிலேயே இரவில் சார்ஜ் ஏற்றிக்கொள்ளலாமா?

பழைய லேத்துக்காரர் எழுதியது:

தம்பி, மோட்டாரின் தகட்டில் எழுதியிருக்கும் வாட்டை வைத்துத் தூரம் கணக்கிடக் கூடாது. வண்டியை நகர்த்த எவ்வளவு விசை வேண்டும் என்பதுதான் கணக்கு. அந்த விசையை நியூட்டனில் எடுத்து 3.6 ஆல் வகுத்தால் ஒரு கிலோமீட்டருக்கு எத்தனை வாட் மணி என்று வந்துவிடும். மோட்டார், கன்ட்ரோலர், கியர் ஆகியவற்றில் கால் பங்கு வீணாகிறது என்று வைத்து, வந்த விடையை 0.75 ஆல் மறுபடி வகுத்துக்கொள்ளுங்கள்.

லித்தியம் ஏறக்குறைய 30 கிலோ இருக்கும். அதையும் பாரத்தையும் சேர்த்து உங்கள் வண்டி 320 கிலோ. நல்ல தார்ச்சாலையில் எடையில் நூற்றுக்கு ஒன்றரைப் பங்கு உருளும் தடையாகப் போகும் என்று கொண்டால் 47 நியூட்டன். 25 கி.மீ. வேகத்தில், உங்கள் வண்டி அளவுக்கு, காற்றுத் தடை 43 நியூட்டன் வரும். மொத்தம் 90, கிலோமீட்டருக்கு 33 வாட் மணி. நின்று நின்று கிளம்புவதற்கும் குழிகளுக்கும் சேர்த்து 40 என்று வையுங்கள். போக வர 46 கி.மீ.க்கு 1840 வாட் மணி ஆகிறது. 60 ஆம்பியர் மணி லித்தியத்தில் இருப்பது 3072. அதில் எண்பது விழுக்காட்டை மட்டும் எடுத்தாலும் 2450 கிடைக்கும். நடுவே சார்ஜ் தேவையில்லை.

லெட் ஆசிட் நான்கும் சேர்ந்து 110 கிலோவுக்குக் குறையாது. அந்த எடையைச் சுமக்கவே கிலோமீட்டருக்கு 5 வாட் மணி கூடுதலாகப் போகும். மேலும் அந்த 100 ஆம்பியர் மணி என்பது பெரும்பாலும் இருபது மணி நேரம் மெதுவாக இறக்கினால் கிடைப்பது. நீங்கள் இழுக்கும் 20 ஆம்பியருக்கு அது எண்பது சொச்சமாகச் சுருங்கும். நாள்தோறும் பாதிக்கு மேல் இறக்கினால் ஆயுளும் போய்விடும். ஆக, கைக்கு வருவது ஏறத்தாழ 2000 வாட் மணி, தேவைப்படுவதும் அவ்வளவே. முதல் வருடம் ஓடும். அடுத்த வருடம், வழியில் கப்பலூர்ப் பக்கம் வண்டியைத் தள்ளிக்கொண்டு வருவீர்கள்.

ஒன்றை மட்டும் மறந்துவிடாதீர்கள். ஆடிக் காற்றில் அம்மியும் பறக்கும் என்பார்கள். நம் பக்கம் அந்தக் காற்று மேற்கிலும் தென்மேற்கிலும் இருந்து வருகிறது. நீங்கள் சந்தையிலிருந்து வீடு திரும்பும் திசையும் அதுவேதான். 15 கி.மீ. எதிர்க்காற்றில் 25 கி.மீ. வேகத்தில் போனால், 43 ஆக இருந்த காற்றுத் தடை 111 நியூட்டனாகிவிடும். பூவை இறக்கிவிட்டு வெறும் வண்டியாகத் திரும்பினாலும் கிலோமீட்டருக்கு 54 வாட் மணி, அதாவது பாரத்தோடு போனதைவிட அதிகம். மோட்டாரும் தன் முழு அளவில் ஓடிச் சூடேறும். அன்றைக்கு 18 கி.மீ. வேகத்தில் வந்தால் 41 வாட் மணியோடு முடிந்துவிடும், வீடு சேர 20 நிமிடம் கூடுதலாகும், அவ்வளவுதான். பக்கங்களில் தார்ப்பாயைத் தொங்கவிட்டுப் படபடக்க ஓட்டாதீர்கள். சந்தையிலேயே மடித்துக் கட்டிவிடுங்கள்.

உருளும் தடைக்கு நான் வைத்த 1.5 விழுக்காடு ஒரு மதிப்பீடுதான். சந்தையில் பூ நிறுக்கும் தொங்கு தராசு உங்களிடம் இருக்குமே, அதைக் கயிற்றில் கட்டி, பாரம் ஏற்றிய வண்டியைச் சமதரையில் நடை வேகத்தில் சீராக இழுத்துப் பாருங்கள். 5 கிலோவைச் சுற்றிக் காட்ட வேண்டும்.

சார்ஜர் பழுது பார்ப்பவர் எழுதியது:

சார்ஜ் பற்றி நான் சொல்கிறேன். உங்கள் 51.2 வோல்ட் பேட்டரி என்பது 16 செல் வரிசை; அதற்கு 58.4 வோல்ட்டுக்கு மேல் போகாத, லித்தியம் அயர்ன் பாஸ்பேட்டுக்கென்றே செய்த சார்ஜர்தான் வேண்டும். பழைய லெட் ஆசிட் சார்ஜர் கையில் இருக்கிறது என்று அதை மாட்டாதீர்கள். 15 ஆம்பியர் சார்ஜர் என்றால் உங்கள் ஒரு நாள் ஓட்டத்தை மூன்று மணி நேரத்துக்குள் நிரப்பிவிடும். காலை பத்து மணிக்கு வெயிலில் வந்து நின்றவுடன் செருக வேண்டாம். 45 டிகிரிக்கு மேல் அந்த செல்களுக்குச் சார்ஜ் ஏற்றக் கூடாது, சித்திரையில் தகரக் கொட்டகைக்குள் அந்தச் சூடு எளிதாக வந்துவிடும். இரவு உணவுக்குப் பிறகு போட்டுவிட்டுப் படுத்தால் பறிப்புக்கு எழும்போது நிறைந்திருக்கும்.

அந்தச் சார்ஜர் சுவரிலிருந்து 4 ஆம்பியருக்குச் சற்றுக் கூடுதலாக இழுக்கும். சிறிய பிளக் தாங்கும் என்று கணக்கில் தோன்றும். நானும் அப்படி நினைத்து, மெல்லிய எக்ஸ்டென்ஷன் வயரைச் சுருள் பிரிக்காமலே விட்டு இரவு முழுக்க ஓட்டினேன். காலையில் பிளக்கின் ஒரு கால் பழுப்பேறி, சாக்கெட்டோடு ஒட்டிக்கொண்டு, பிடுங்கியபோது பாதிதான் வெளியே வந்தது. எர்த் உள்ள 15 ஆம்பியர் சாக்கெட்டைத் தனி வயரில் வண்டி நிற்கும் இடத்திலேயே போட்டுவிடுங்கள். பம்புசெட் அறை வேண்டாம். அந்த இலவச மின்சாரம் பாசனத்துக்கு மட்டுமே உரியது, வண்டிக்கு எடுத்தால் இணைப்புக்கே ஆபத்து.

வோல்ட் மீட்டரைப் பார்த்து மீதியை ஊகிக்காதீர்கள். இந்த வகை செல் பெரும்பகுதி தீரும் வரைக்கும் ஏறக்குறைய ஒரே வோல்ட்டைக் காட்டிக்கொண்டிருந்துவிட்டுக் கடைசியில் சடாரென்று விழும். ஷன்ட் (மின்னோட்டத்தை அளக்க உதவும் சிறு மின்தடை) வைத்து ஆம்பியர் மணியை எண்ணும் மீட்டர் ஒன்றைப் பொருத்துங்கள்.

சட்டம் படித்தவர் எழுதியது:

மூன்று சக்கரச் சரக்கு மின்வண்டி 25 கி.மீ. வேகத்துக்கு உட்பட்டதாக இருந்தாலும், 1000 வாட் மோட்டார் இருப்பதால் அது மோட்டார் வாகனம்தான். பதிவும் காப்பீடும் இல்லாமல் நான்குவழிச் சாலையில் ஏற்றாதீர்கள். பேட்டரிக்குப் பணம் கட்டுமுன் வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் பேசிவிடுங்கள்.

மல்லித்தோட்டம் எழுதியது:

நன்றி, ஐயா. நேற்று மாலை நெல் காயப்போடும் களத்தில், பூவுக்கும் பேட்டரிக்கும் பதிலாக மணல் மூட்டைகளை ஏற்றி, என் மகன் தராசைப் பிடித்து இழுத்தான். முள் ஏழரைக்கும் எட்டுக்கும் நடுவே ஆடியது. சக்கரத்தைத் தூக்கிச் சுற்றிப் பார்த்தபோது இடது பின் சக்கரத்தின் பிரேக் கட்டை டிரம்மில் உரசிக்கொண்டே இருந்தது தெரிந்தது; டயர்களிலும் காற்று குறைவு. இரண்டையும் சரிசெய்த பிறகு ஐந்தரையில் நின்றது. உங்கள் வாய்பாட்டில் போட்டால், அந்த இரண்டு கிலோ நாளொன்றுக்கு 330 வாட் மணிக்கு மேல் தின்றிருக்கிறது, பேட்டரியில் ஆறரை ஆம்பியர் மணி. 60 ஆம்பியர் மணி லித்தியத்தையே வாங்குவதாக இருக்கிறேன். திங்கட்கிழமை போக்குவரத்து அலுவலகத்துக்குப் போய் வந்த பிறகுதான் முன்பணம் கட்டுவேன்.