கைக்குழந்தையை வச்சிக்கிட்டு என்னதான் படிக்கிறீங்க?

அரைத்தூக்கம்:
பாப்பாவுக்கு 5 மாசம், வேலைக்கும் திரும்பியாச்சு. முன்னாடி மாசத்துக்கு மூணு புக்காவது முடிச்சிடுவேன், இப்போ கட்டில் பக்கத்துல ஒரு தடி நாவல் 40ஆம் பக்கத்துல மடிச்சது மடிச்சபடி கிடக்கு, பார்க்கும்போதெல்லாம் கடன்காரன் வந்து நிக்கிற மாதிரி இருக்கு. எனக்குக் கிடைக்கிறதே ராத்திரி 2 மணிக்குப் பால் குடிச்சிட்டு அவ என் இடது கையிலயே தூங்கிடுற அந்த இருபது நிமிஷம்தான், கையை எடுத்தா முழிச்சுக்குவா. சிறுகதைதான் இதுக்கு சரின்னு எல்லாரும் சொன்னாங்கன்னு அம்பையோட 'சிவப்புக் கழுத்துடன் ஒரு பச்சைப் பறவை' எடுத்தேன், 2021ல சாகித்ய அகாதமி வாங்கினது. ரொம்பப் பிடிச்சிது, ஆனா பாதியில விட்டா மறுநாள் யாரு யாருன்னே மறந்துபோய் திரும்ப முதல்ல இருந்து... நீங்கல்லாம் இப்படி நேரத்துல ரசிச்சுப் படிச்சது எது?

வரிக்குதிரை:
சிறுகதை ஈஸின்னு சொல்றதை நான் நம்பமாட்டேன்ங்க. ஒவ்வொரு கதையிலயும் புதுசா ஒரு வீட்டுக்குள்ள போயி எல்லாரையும் முதல்ல இருந்து பழகணும், களைச்சுப்போன தலைக்கு அதுதான் கஷ்டம். அப்பாவுக்கு ஆபரேஷன் முடிஞ்சு நான் கூடவே இருந்த ரெண்டு மாசத்துல தேவிபாரதியோட 'நீர்வழிப் படூஉம்' படிச்சேன். நாவிதர் குடும்பம், காரு மாமா செத்துப்போறாரு, சொந்தமெல்லாம் கூடுது, பழைய கதையெல்லாம் வருது. நர்ஸ் கூப்பிட்டா மூடி வச்சிட்டுப் போவேன், வந்து திறந்தா அதே ஆளுங்க இன்னும் பேசிக்கிட்டு இருப்பாங்க. தலைப்பு 'யாதும் ஊரே' பாட்டுல வர்ற வரின்னு பாதி படிச்சப்புறம்தான் உறைச்சுது, ஆத்துல அடிச்சிக்கிட்டுப் போற தெப்பம் மாதிரிதான் உயிரும்னு வருமே, அது. ஆஸ்பத்திரி நாற்காலியில உக்காந்து அது ஞாபகம் வந்தப்போ ஒரு மாதிரி ஆயிடுச்சு.

மறுவாசிப்பு:
நான் புதுசு பக்கமே போறதில்ல. அசோகமித்திரனோட 'தண்ணீர்' மூணாவது தடவை. ஜமுனா, சாயா ரெண்டு பேரும் ஏற்கெனவே தெரிஞ்சவங்க, எங்க விட்டாலும் எங்க பிடிச்சாலும் ஓடுது, சின்ன நாவல் வேற.
அப்புறம் ஒண்ணு, யாராவது இமையத்தோட 'செல்லாத பணம்' படிங்கன்னு சொல்லுவாங்க. அருமையான நாவல்தான், 2020 அகாதமி. ஆனா முக்காவாசி தீக்காய வார்டு வாசல்லயே நடக்குது, பொண்ணைப் பறிகொடுக்கிற வீட்டுக் கதை. மடியில பொண்ணை வச்சிக்கிட்டு ராத்திரி 2 மணிக்கு அது வேணாம்மா, அடுத்த வருஷம் பார்த்துக்கலாம்.

அரைத்தூக்கம்:
ஐயோ அது லிஸ்ட்ல இருந்துச்சு, எடுத்துட்டேன். காரு மாமா வீட்டுக்குள்ள போயாச்சு, நாலு ராத்திரியில 52 பக்கம். ஒத்தைக் கையால பக்கம் திருப்ப கட்டைவிரல் நல்லாவே பழகிடுச்சு, நேத்து மட்டும் புக்கு நழுவி அவ வயித்து மேல விழுந்துச்சு. ஒரு தடவை உதட்டைச் சுழிச்சா, அவ்வளவுதான், தூங்கிட்டா. நான் இன்னும் ரெண்டு பக்கம் படிச்சேன்.