மேல் பிளேட் நெளிகிறது, குறுக்கே ஃப்ளாட் பார் வைத்தும் நிற்கவில்லை

சிப்புட் பட்டறை:
வணக்கம் அண்ணன்மார்களே. சுங்கை சிப்புட் பக்கம் ஒரு செம்பனை ஆலைக்கு, பழக்குலை கன்வேயர் தாங்க 16 மீட்டர் நீளத்தில் பெட்டி உத்திரம் செய்து கொடுத்தோம். மேல் பிளேட் 1200 மில்லி அகலம், 6 மில்லி தடிமன், எஸ்275 தர இரும்பு. கன்வேயர் கால்கள் பக்கச் சுவர்கள் மேல்தான் நிற்கின்றன, பிளேட் நடுவில் எந்தப் பாரமும் இல்லை. அப்படியும் பெல்ட்டில் பழம் நிறைந்தால் நடுப்பகுதியில் ஓர் இடம் உப்பி அடுத்த இடம் குழிகிறது. போன மாதம் வெளிப்பக்கம் குறுக்கே 1200 மில்லிக்கு ஒன்றாக 50 மில்லி உயரம் 6 மில்லி தடிமன் ஃப்ளாட் பார் (தட்டை இரும்புப் பட்டை) அடித்தோம், மாற்றமே இல்லை. தவுக்கே (முதலாளி) 12 மில்லி பிளேட் மாற்றச் சொல்கிறார், வெல்டர் சூடு காட்டித் தட்டிவிடலாம் என்கிறார். எது சரி?

ஈப்போ கணக்கு:
தம்பி, பட்டை வைத்த திசைதான் தப்பு. உத்திரம் வளையும்போது மேல் பிளேட் நீளவாக்கில் நசுங்குகிறது, அப்போது அது ஏறக்குறைய தன் அகலத்துக்குச் சமமான சதுரங்களாக நெளியும், அதாவது 1200க்கு 1200. அந்த நெளிவு தானாகவே அடங்கி நிற்கும் கோட்டில் நீங்கள் பட்டை வைத்திருக்கிறீர்கள், எப்படி உதவும்?

1891இல் பிரையன் என்ற கணித அறிஞர் கப்பல் பக்கத் தகடுகளுக்குப் போட்ட கணக்குதான் இதற்கும். நெளியத் தொடங்கும் அழுத்தம் தடிமன் வகுத்தல் அகலம் என்ற விகிதத்தின் வர்க்கப்படி ஏறும், அதோடு பெருக்கும் எண் இப்படி முழுதாக நசுங்கும் பிளேட்டுக்கு 4. உங்கள் பிளேட்டுக்கு அது 19 மெகாபாஸ்கல்தான். குறுக்குப் பட்டையை 600 மில்லிக்கு ஒன்றாக நெருக்கினாலும் 30க்கு மேல் போகாது. ஆனால் நீளவாக்கில் நடுவே ஒரே ஒரு பட்டை ஓடினால் 76, இரண்டு ஓடினால் 171. தவுக்கே சொல்லும் 12 மில்லி பிளேட்டிலும் 76தான் வரும், ஆனால் இரும்பு இரண்டு மடங்கு. 75க்கு 8 ஃப்ளாட் பார் இரண்டு சேர்த்தால் கூடுவது ஆறில் ஒரு பங்குதான்.

நெளிந்த உடனே விழுந்துவிடாது என்பதும் உண்மை, ஓரங்கள் தொடர்ந்து தாங்கும். இரும்புக் கட்டுமானத்துக்கான ஐரோப்பிய விதிநூல் யூரோகோட் 3 பகுதி 1-5 முறையில் பார்த்தால் உங்கள் 1200இல் சுமார் 300 மில்லிதான் முழுதாக வேலை செய்யும். அதனால்தான் இதுவரை நிற்கிறது, அதை நம்பி ஓட்டாதீர்கள்.

அப்புறம், நீளப் பட்டையும் நெளியக்கூடியதுதான். உயரம் அதன் தடிமனைப்போல் 13 மடங்கைத் தாண்டக்கூடாது, 75க்கு 8 பரவாயில்லை. 1200க்கு ஒருமுறை அதைத் தாங்கக் குறுக்கே ஒன்று வேண்டும், அதற்கு உங்கள் 50 பட்டை போதாது, 100 மில்லி ஆங்கிள் (எல் வடிவ இரும்பு) மாதிரி உயரமானது வையுங்கள்.

கிள்ளான் ஃபோர்மேன்:
சூடு காட்டித் தட்டும் பேச்சை மட்டும் இன்றே நிறுத்துங்கள், கெஞ்சிக் கேட்கிறேன். மெல்பர்னில் வெஸ்ட் கேட் பாலம் கட்டும்போது பெட்டியின் இரண்டு பாதிகளுக்கும் 114 மில்லி உயர வித்தியாசம் வந்தது, அதைச் சமன்செய்ய மேலே கான்கிரீட் கட்டிகளை ஏற்ற, மேல் பிளேட் உப்பியது. உப்பலை எடுக்கப் பாரம் இருக்கும்போதே போல்ட்டுகளைக் கழற்றினார்கள். 1970 அக்டோபர் 15 அன்று 112 மீட்டர் ஸ்பான் அப்படியே விழுந்து 35 பேர் இறந்தார்கள். சூடான இரும்புக்கு வலு குறையும். பெல்ட்டைக் காலி பண்ணி, அடியில் தாங்கல் கொடுத்து ஜாக்கால் பாரத்தை எடுத்த பிறகுதான் டார்ச் பக்கமே போகவேண்டும்.

நீளப் பட்டை முழு நீளத்துக்கு அறுபடாமல் ஓடட்டும், குறுக்கே வருவதை வெட்டி இரண்டு பக்கமும் ஒட்டுங்கள். ஒரே மூச்சில் வெல்டிங் இழுத்தால் பிளேட் இன்னும் கோணும், சின்னச் சின்னத் துண்டாக இடம் மாற்றி மாற்றி அடித்து முடிவில் இடைவெளியை மூடிவிடுங்கள், ஆலை நீராவியில் மூடாத இடம்தான் முதலில் துருப்பிடிக்கும். வெளியே வைப்பதால் கட்டத்துக்குக் கட்டம் மழைத்தண்ணீர் வடிய வழி விடவும் மறக்காதீர்கள்.

சிப்புட் பட்டறை:
ரொம்ப நன்றி அண்ணே. பட்டையைத் தப்பான திசையில் வைத்தது இப்போதுதான் புரிகிறது. தவுக்கேயிடம் எடை கணக்கைக் காட்டினேன், 12 மில்லி பேச்சை விட்டுவிட்டார். ஆலையில் சொல்லி இன்று முதல் பெல்ட்டை நிறுத்தியாகிவிட்டது. ஜாக் வைக்கும் இடத்தையும் 100 ஆங்கிளையும் முத்திரை வைக்கும் பொறியாளரிடம் காட்டிக் கையெழுத்து வாங்கிய பிறகுதான் கை வைப்போம். பக்கச் சுவரும் 6 மில்லிதான், 900 உயரம், அதற்கும் இதே கணக்கா?

ஈப்போ கணக்கு:
இல்லை தம்பி. சுவரில் மேல் பாதி நசுங்கும், கீழ்ப் பாதி இழுபடும், அதனால் 4 என்று நாம் எடுத்த எண் அங்கே 24 பக்கம் போகும். ஆனால் இரண்டு முனையிலும் சப்போர்ட் பக்கத்தில் வெட்டு விசைக்குத் தனியாகப் பார்க்கவேண்டும், அங்கே நெளிவு சாய்வாக வரும், நேர்க் குத்தாக நிற்கும் பட்டைதான் உதவும். வரைபடம் இருந்தால் போடுங்கள்.