பானெட்டுக்குள் புகையிலை கட்டினால் எலி வராதா?

டெல்டா வயர்மேன்
நொய்யல்காரன் ஐயா நேற்று எழுதியதைப் படித்ததிலிருந்து மனசு ஆறவில்லை, அதனால்தான் இதைத் தனியாகத் தொடங்குகிறேன். அவர் எழுதியது இது: "ஒரு கைப்பிடி வேதாரண்யம் புகையிலையைத் துணியில் முடிந்து பேட்டரி பக்கத்தில் கட்டுங்கள். ஆயுசுக்கும் எலி வராது. வலை, ஸ்ப்ரே எல்லாம் ஒர்க்ஷாப்காரன் காசு பறிக்கிற வழி."

கும்பகோணம் பக்கம் 22 வருடமாக ஆட்டோ எலக்ட்ரிகல் வேலை பார்க்கிறேன். போன தை மாதம், அறுவடை முடிந்த கையோடு ஒரு கார் வந்தது. ஸ்டார்ட்டர் சுற்றுகிறது, எஞ்சின் பிடிக்கவில்லை. திறந்து பார்த்தால் இன்ஜெக்டருக்குப் போகிற வயர் நாலும் துண்டு துண்டாகக் கிடக்கிறது. பேட்டரித் தட்டுக்குப் பின்னால் கூடு. அடியில் பானெட் பஞ்சு, நடுவில் தேங்காய் நார், மேலே புகையிலை. ஓனர் கட்டி வைத்த அதே புகையிலை. முடிச்சைக் கடித்துப் பிரித்து மெத்தை போட்டுக் குட்டி போட்டிருக்கிறது. இதைக் கண்ணால் பார்த்த பிறகு "ஆயுசுக்கும் வராது" என்று எழுதுவதைப் படித்துவிட்டு எப்படிச் சும்மா இருக்க முடியும்?

நொய்யல்காரன்
தம்பி, 9 வருடமாக என் வண்டியில் புகையிலை இருக்கிறது. ஒரு வயர் கடிபட்டதில்லை. இதற்கு மேல் என்ன சாட்சி வேண்டும்?

புகையிலைக் காட்டத்துக்கு மனுஷனுக்கே தும்மல் வரும். எலிக்கு நம்மைவிட மூக்கு கூர்மை. அதன் மேல் படுத்துக் குட்டி போட்டது என்றால் நம்புகிற கதையா? நீங்கள் பார்த்தது வாழைச் சருகாக இருக்கும். உங்கள் ஊரில் எங்கே பார்த்தாலும் வாழைதானே.

டெல்டா வயர்மேன்
வாழைச் சருகா? ஐயா, வெற்றிலைக்குப் பேர்போன ஊரில் இருந்து எழுதுகிறேன். எங்கள் தாத்தா மடியில் புகையிலை இல்லாமல் வாசலைத் தாண்ட மாட்டார். சருகையும் புகையிலையையும் எனக்குப் பிரித்துப் பார்க்கத் தெரியாது என்கிறீர்களா?

பழைய பத்மினி
இரண்டு பேரும் ஒரு நிமிடம் நில்லுங்கள். எந்த எலியைப் பற்றிப் பேசுகிறீர்கள்? பெருச்சாளி கீழே நின்று எட்டுகிற வயரைக் கடிக்கும். வீட்டெலி டயர் மேல் ஏறி எஞ்சின் வரை போகும். சுண்டெலி ஏசி ஃபில்டர் டப்பாவுக்குள் குடியிருக்கும். மூஞ்சூறு எலியே கிடையாது, பூச்சி தின்கிற பிராணி, அதன் மேல் வீண் பழி. அணிலும் நார் கொண்டுவந்து கூடு கட்டும், வயரும் கடிக்கும். எது என்று முடிவு செய்யாமல் மருந்து சொன்னால் எப்படி?

நொய்யல்காரன்
எல்லா எலிக்கும் புகையிலை ஒன்றுதான். அது இருக்கட்டும், அந்தக் கூட்டைப் போட்டோ எடுத்தீர்களா தம்பி?

டெல்டா வயர்மேன்
எடுத்தேன். பழைய போனோடு போய்விட்டது.

நொய்யல்காரன்
போய்விட்டது. சரி.

சோழிங்கநல்லூர் சுந்தர்
எனக்கு இந்தப் புகையிலைச் சண்டையே புரியவில்லை. மனுஷன் காதுக்குக் கேட்காத சத்தம் போட்டு எலியை விரட்டுகிற அல்ட்ராசோனிக் கருவி 12 வோல்ட்டில் வேலை செய்கிறது. பேட்டரியில் இரண்டு கிளிப், முடிந்தது. இன்னொன்று, இப்போது வருகிற வயர் உறையில் சோயா கலக்கிறார்கள், அந்த வாசனைக்குத்தான் எலி வருகிறது. அமெரிக்காவில் இதற்காக 2016-ல் டொயோட்டா மேல் வழக்கே போட்டார்கள். காலம் மாறிவிட்டது என்பதைக் கொஞ்சம் புரிந்துகொண்டு பேசுங்கள்.

டெல்டா வயர்மேன்
சுந்தர் சார், வழக்குப் போட்டார்கள் என்பதும் நிரூபித்தார்கள் என்பதும் ஒன்றா? எலிக்கு முன்பல் சாகிற வரை வளர்ந்துகொண்டே இருக்கும். எதையாவது கொறித்துத் தேய்க்காவிட்டால் வாயை மூட முடியாது. அந்தப் பல்லின் மேல்பூச்சில் இரும்புச் சத்து இருக்கிறது, அதனால்தான் மஞ்சளாகத் தெரியும். ஈயக் குழாயைக் கடிக்கிற பிராணி சோயா இருக்கிறதா என்று மோந்து பார்த்தா கடிக்கப் போகிறது? வண்டியை நிறுத்தினால் எஞ்சின் சூடு இரவில் வெகுநேரம் இருக்கும். இருட்டு, கதகதப்பு, நாய் எட்டாத இடம். அதற்கு வேண்டியது அவ்வளவுதான்.

அல்ட்ராசோனிக் சமாச்சாரத்தையும் சொல்லிவிடுகிறேன். அந்தச் சத்தம் ஒரு தடுப்பைத் தாண்டாது. எஞ்சின் பிளாக்குக்கு இந்தப் பக்கம் கருவி, அந்தப் பக்கம் எலி, இரண்டும் நிம்மதியாக இருக்கும். சில நாளில் சத்தம் பழகியும் போகும். ஆதாரம் இல்லாமல் விளம்பரம் செய்யாதீர்கள் என்று அமெரிக்க வர்த்தக ஆணையம் 2001-லேயே 60-க்கும் மேற்பட்ட தயாரிப்பாளர்கள், விற்பனையாளர்களுக்குக் கடிதம் அனுப்பியது. அமெரிக்கக் கதை சொன்னீர்களே, இதையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

பழைய பத்மினி
சோயா விஷயத்தில் வயர்மேன் சொல்வது சரி. என்னுடையது 1984 மாடல் பத்மினி. அந்த வயரையும்தான் கடித்தது. ஆனால் நான் கேட்ட கேள்விக்கு இன்னும் யாரும் பதில் சொல்லவில்லை. எந்த எலி?

மாடிவீட்டு மாதவி
எங்கள் குடியிருப்பில் வாட்ச்மேன் பேச்சைக் கேட்டு எல்லா வண்டியிலும் அந்துருண்டை போட்டார்கள். என் குழந்தைக்கு ஒன்றரை வயசு. ஏசி போட்டதும் காருக்குள் ஒரே நெடி, பிள்ளை வாந்தி எடுத்துவிட்டாள். இதைப் பற்றி யாராவது சொல்லுங்கள்.

டெல்டா வயர்மேன்
முதலில் அந்த உருண்டையை எல்லாம் பொறுக்கி எறியுங்கள் தங்கச்சி. முன் கண்ணாடிக்கு அடியில் வைப்பர் இருக்கிற இடத்தில்தான் ஏசிக்கு வெளிக்காற்று எடுக்கிற வாய். பானெட்டுக்குள் எது ஆவியானாலும் அது வழியாக உள்ளே வரும். அந்துருண்டையில் இருக்கிற நாஃப்தலின் ஆவி கைக்குழந்தைக்கு ஆகவே ஆகாது. ஜி6பிடி என்கிற நொதி பிறவியிலேயே குறைவாக இருக்கிற குழந்தைக்கு ரத்த அணுவையே உடைக்கும். எலி விஷமும் வைக்காதீர்கள். தின்றுவிட்டு டேஷ்போர்டுக்குள் போய்ச் செத்தால் எங்கே நாறுகிறது என்று தேடவே மொத்தத்தையும் கழற்ற வேண்டும்.

கேட்டதற்காகச் சொல்கிறேன், நான் என் வண்டிக்குச் செய்திருப்பது இது. அந்தக் காற்று வாய்க்குக் கால் அங்குலக் கண் உள்ள ஜிஐ வலை, அதாவது துத்தநாகம் பூசிய இரும்புக் கம்பி வலை. கைக்கு எட்டுகிற வயர் எல்லாவற்றுக்கும் நெளிகுழாய், அதன் மேல் டேப். ஹோண்டாவே மிளகாய்க் காரம் ஏற்றிய டேப் ஒன்றை உதிரிப்பாகமாக விற்கிறது, கிடைத்தால் அதைச் சுற்றலாம். எஞ்சினுக்கு அடித்தட்டு உடைந்திருந்தால் மாற்ற வேண்டும். வண்டிக்குள் பிஸ்கட் துகள் இருக்கக் கூடாது. இரண்டு நாளைக்கு ஒருமுறையாவது வண்டியை எடுத்து ஓட்ட வேண்டும். இத்தனையும் செய்தாலும் "ஆயுசுக்கும் வராது" என்று நான் எழுத மாட்டேன்.

நொய்யல்காரன்
புகையிலையும் பானெட்டுக்குள்தான் இருக்கிறது. 9 வருடத்தில் என் பேரப்பிள்ளைகள் ஒருவர்கூட வாந்தி எடுக்கவில்லை. வலைக்கு எவ்வளவு, நெளிகுழாய்க்கு எவ்வளவு, கூலி எவ்வளவு என்று பட்டியல் போட்டுச் சொல்லுங்கள் தம்பி. புகையிலைக்கு எனக்கு ஆகிற செலவு ஒரு டீக்காசு. இதற்குத்தான் காசு பறிக்கிற வழி என்றேன். போன வருடம் எஞ்சின் ஆயில் பேச்சிலும் இப்படித்தான். 5,000 கிலோமீட்டருக்கு மாற்றச் சொல்லி ஒற்றைக்காலில் நின்றீர்கள். கம்பெனிப் புத்தகத்தில் 10,000 என்று போட்டிருந்ததை நான் எடுத்துப் போட்ட பிறகு ஆளையே காணோம்.

டெல்டா வயர்மேன்
ஆளைக் காணோமா? அன்று என் அப்பாவுக்கு ஆபரேஷன். அதை அங்கேயே எழுதியிருந்தேன். வயல்காட்டு மண் ரோட்டில் தூசி தின்று ஓடுகிற வண்டிக்கு 5,000 என்றுதான் சொன்னேன், இன்றும் சொல்வேன்.

காசு பறிக்கிறேன் என்றீர்களே, கேளுங்கள். அந்தப் புகையிலை வண்டிக்கு வயரைச் சால்டர் வைத்து ஒட்டி, ஹீட் ஸ்லீவ் போட்டு, ஒவ்வொரு பின்னாகச் சோதித்து முடிக்க ஒன்றரை நாள். நல்லவேளை இன்ஜெக்டர் வயரோடு நின்றது. கம்ப்யூட்டர்கள் ஒன்றோடொன்று பேசுகிற முறுக்கிய ஜோடி வயர் அறுந்திருந்தால் கண்டபடி ஒட்டவும் முடியாது. பாதி வண்டிக்கு முழு ஹார்னஸ்ஸே, அதாவது மொத்த வயர்க் கட்டையே மாற்று என்பார்கள். வலை 200 ரூபாய்க்குள் முடிந்துவிடும். எது காசு பறிக்கிற வழி? வலை போடச் சொல்கிற நானா, புகையிலையை நம்பச் சொல்லி வண்டியை எங்களிடம் அனுப்புகிற நீங்களா?

நொய்யல்காரன்
மறுபடியும் "புகையிலை வண்டி" என்கிறீர்கள். அது புகையிலையே இல்லை என்கிறேன். சருகு.

சோழிங்கநல்லூர் சுந்தர்
இன்சூரன்ஸ் எதற்கு இருக்கிறது? கிளெய்ம் போட்டால் வந்துவிடும்.

பழைய பத்மினி
தேர்ட் பார்ட்டி மட்டும் எடுத்தவருக்கு ஒரு ரூபாய் வராது. நம் வண்டிச் சேதத்துக்குத் தருகிற ஓன் டேமேஜ் இருந்தாலும் 1,500 சிசி வரை முதல் 1,000 ரூபாய் நம் கையில் இருந்து. பிளாஸ்டிக், ரப்பர் சாமானுக்குத் தேய்மானம் பாதி கழிப்பார்கள். ஹார்னஸ் பிளாஸ்டிக்கா, செம்பா என்று சர்வேயரோடு நான் நின்று சண்டை போட்டவன். தேய்மானம் கழிக்காத பம்பர் டு பம்பர் பாலிசி எடுத்தவர் பிழைத்தார்.

மாடிவீட்டு மாதவி
சுந்தர் சார், நீங்கள் எங்கள் குடியிருப்பு சுந்தர்தானே? பேஸ்மென்ட்டில் நாய்க்குச் சோறு போட்டு மிச்சத்தை அப்படியே விட்டுப் போகிறீர்களே, எலி அதற்குத்தான் வருகிறது என்று மூன்று கூட்டத்தில் சொன்னேன். இங்கே வந்து கருவி விற்கிறீர்கள்.

சோழிங்கநல்லூர் சுந்தர்
மேடம், நாய் இருப்பதால்தான் கொஞ்சமாவது எலி குறைந்திருக்கிறது. இரண்டு பூனை இருந்ததை விரட்டியது யார்? கார் மேல் கால் தடம் விழுகிறது என்று அசோசியேஷனில் எழுதிக் கொடுத்தது உங்கள் வீட்டுக்காரர். அதற்குப் பிறகுதான் என் வண்டி கடிபட்டது.

மாடிவீட்டு மாதவி
அப்படியென்றால் உங்கள் கருவி?

சோழிங்கநல்லூர் சுந்தர்
கருவி அதற்குப் பிறகு வாங்கியது. நான் போடுகிற சோறு பத்து நிமிடத்தில் காலியாகிவிடும். வாட்ச்மேனைக் கேளுங்கள்.

மாடிவீட்டு மாதவி
அந்துருண்டை போடச் சொன்ன அதே வாட்ச்மேனையா?

டெல்டா வயர்மேன்
பூனைப் பேச்சு இருக்கட்டும். நொய்யல்காரன் ஐயா, நீங்கள் வேறொரு பேச்சில் எழுதியதை எடுத்து வைத்திருக்கிறேன். "எங்கள் போர்ட்டிகோவில் விடிய விடிய டியூப்லைட் எரியும், சிப்பிப்பாறை வாசலிலேயே படுத்திருக்கும், காலை ஐந்தரைக்கெல்லாம் வண்டியை எடுத்துக்கொண்டு வாக்கிங் போவேன்." விடிய விடிய வெளிச்சம், வேட்டை நாய், தினமும் ஓடுகிற வண்டி. எலி ஏன் வரவில்லை என்பதற்கு மூன்று காரணம் நீங்களே எழுதியிருக்கிறீர்கள். பெருமை மட்டும் புகையிலைக்கா?

நொய்யல்காரன்
நாய் வந்து நாலு வருடம்தான் ஆகிறது. அதற்கு முன் ஐந்து வருடம் யார் காத்தது?

டெல்டா வயர்மேன்
டியூப்லைட்.

நொய்யல்காரன்
டியூப்லைட் தெருவில் எல்லார் வீட்டிலும்தான் எரிகிறது. எதிர்வீட்டு வண்டியை எலி கடித்தது, என்னுடையதைத் தொடவில்லை. அங்கே புகையிலை இல்லை, இங்கே இருக்கிறது. இதை மறுத்துப் பேசுங்கள் பார்க்கலாம்.

பழைய பத்மினி
எதிர்வீட்டில் வந்தது பெருச்சாளியா, வீட்டெலியா?

நொய்யல்காரன்
எனக்கு எப்படித் தெரியும் சார்? கடித்துவிட்டுப் பெயர் எழுதி வைத்துவிட்டா போகும்?

பழைய பத்மினி
புழுக்கையைப் பார்த்தால் தெரியும். எங்கள் அப்பா காலத்தில் வயலுக்கு எலி பிடிக்க ஆள் வந்தால் வளையைப் பார்த்தே ஜாதி சொல்வார்கள். தஞ்சாவூர் கிட்டி என்கிற மூங்கில் பொறி வைத்து ஒரே இரவில் வரப்பு முழுக்க அள்ளுவார்கள். அவர்களுக்குத் தெரிந்ததில் கால்வாசி நமக்குத் தெரியாது.

டெல்டா வயர்மேன்
கிட்டி எங்கள் ஊர்ச் சரக்கு, அதை எனக்குச் சொல்லித் தர வேண்டாம். வயல் எலிக்கு வைக்கிறது அது. காருக்குள் மூங்கில் வில் வைக்க முடியுமா?

பழைய பத்மினி
காருக்குள் வைக்கச் சொன்னேனா? ஒழுங்காகப் படித்துவிட்டு எழுதுங்கள்.

டெல்டா வயர்மேன்
நானும் ஒழுங்காகத்தான் எழுதுகிறேன். புகையிலை வைத்த இரண்டாவது வாரம் காட்டம் போய்விடும், அதற்கு அப்புறம் அது வெறும் காய்ந்த இலை. காய்ந்த இலையைத் துணியில் சுற்றி புகை வெளியேறுகிற சூடான எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டுக்குப் பக்கத்தில் தொங்கவிட்டால் என்ன ஆகும் என்று ஒருவராவது யோசித்தீர்களா? கடிபட்ட வயரில் ஒரு பொறி போதும். எனக்குப் பதறுவது இதற்குத்தான். நாளைக்கு யாராவது இதைப் படித்துவிட்டு மேனிஃபோல்டு மேலேயே கட்டுவார்.

நொய்யல்காரன்
பேட்டரி பக்கம் என்று எழுதினேன். மேனிஃபோல்டு என்று நான் எங்கே எழுதினேன்? மாதம் ஒருமுறை மாற்றவும் செய்கிறேன்.

டெல்டா வயர்மேன்
மாதம் ஒருமுறை மாற்றுகிறீர்களா? நேற்று அதை எழுதவில்லையே. "கட்டுங்கள், ஆயுசுக்கும் வராது" என்றுதானே இருந்தது?

நொய்யல்காரன்
புகையிலையை மாற்ற வேண்டும் என்பதுகூடத் தெரியாதவருக்கு நான் என்ன சொல்ல? தாத்தா மடியில் புகையிலை இருந்ததாக எழுதினீர்கள், அவர் ஒரே புகையிலையை ஆயுசுக்குமா மென்றார்?

டெல்டா வயர்மேன்
என் தாத்தாவை இதில் இழுக்காதீர்கள் ஐயா.

நொய்யல்காரன்
இழுத்தது நீங்கள்.

மாடிவீட்டு மாதவி
வயர்மேன் அண்ணா, அந்த ஜிஐ வலையை நானே போட முடியுமா? வைப்பர் பக்கத்து மூடியைக் கழற்ற வேண்டுமா?

டெல்டா வயர்மேன்
வைப்பர் கையைக் கழற்றினால்தான் அந்த மூடி வரும் தங்கச்சி. கிளிப் உடைந்துவிடும், பக்கத்தில் யாராவது மெக்கானிக்கை வைத்துப் போடுங்கள். நொய்யல்காரன் ஐயாவுக்கு ஒன்று: அந்த வண்டி ஓனர் அடுத்த மாதம் சர்வீஸுக்கு வருவார். அவரையே இங்கே எழுத வைக்கிறேன். அது புகையிலையா, சருகா என்று அவர் வாயால் கேளுங்கள்.

நொய்யல்காரன்
வரட்டும். எந்தக் கடையில் வாங்கினார் என்று முதலில் கேட்கிறேன். சருகைப் புகையிலை என்று விற்கிற கடையும் இருக்கிறது.