கம்போசிட்: கலவையா, கூட்டா?

குழும நண்பர்களுக்கு வணக்கம். இழையும் பிசினும் போல வெவ்வேறு பொருள்களைச் சேர்த்துச் செய்வது கம்போசிட் (composite). அதற்குத் தமிழில் என்ன பெயர் வைக்கலாம் என்ற பேச்சில் நண்பர் ஒருவர் இப்படி எழுதியிருந்தார்:

> கம்போசிட்டுக்குக் ‘கலவைப்பொருள்’ என்றே வைத்துக்கொள்ளலாமே. எல்லாருக்கும் உடனே புரியும்.

புரியும் ஐயா, ஆனால் தவறாகப் புரிந்துவிடுமே என்பதுதான் என் கவலை. கலவை என்றதும், எது எங்கே கிடந்தாலும் சரி என்ற எண்ணம் வந்துவிடுகிறது. கம்போசிட்டில் எந்த இழை எங்கே, எந்தத் திசையில் கிடக்கிறது என்பதில்தான் எல்லாமே இருக்கிறது.

இதற்கு நல்ல எடுத்துக்காட்டு, எஞ்சின் இல்லாமல் பறக்கும் கிளைடரின் இறக்கை. ஜெர்மனியில் ‘அகாஃப்ளீக்’ என்ற மாணவர் குழுக்கள் உண்டு. பல்கலைக்கழக மாணவர்களே கிளைடர்களை வடிவமைத்து, கட்டி, ஓட்டியும் பார்க்கிறார்கள். கண்ணாடி இழையும் பிசினும் கொண்டு கட்டிய முதல் கிளைடரான எஃப்எஸ்-24 ஃபீனிக்ஸ், ஸ்டுட்கார்ட் குழுவில் உருவாகி 1957இல் பறந்தது. நடுவில் பால்சா என்ற இலேசான மரக்கட்டை, இருபுறமும் இழைத்தோல். பிரவுன்ஷ்வைக் மாணவர்கள் 1972இல் பறக்கவிட்ட எஸ்பி-10 கிளைடரின் இறக்கை முனைக்கு முனை 29 மீட்டர். அதில் கரியிழையும் (கார்பன் ஃபைபர்) சேர்ந்துகொண்டது.

அந்த மாதிரி இறக்கை வளையாமல் இருக்க, அதன் முதுகெலும்பில் இழைகளை நீளவாக்கில் ஓட்டுவார்கள். முறுக்கைத் தாங்க, தோலில் இழைத்துணியை 45 பாகை சாய்த்துப் போடுவார்கள். இறக்கை வடிவ அச்சுக்குள் துணியை விரித்துப் பிசினைத் தூரிகையால் ஒற்றி ஒற்றி எடுக்க வேண்டும். இழுத்துத் தேய்த்தால் இழை கோணிவிடும். வெள்ளையாக இருக்கும் கண்ணாடித் துணி பிசினில் ஊறியதும் தெளிந்துவிடும். எங்காவது வெண்புள்ளி நின்றால் அங்கே காற்று மாட்டியிருக்கிறது என்று பொருள். பிசின் கெட்டிப்பட்ட பிறகும் இழை இழையாகவேதான் இருக்கிறது. இதைப் போய்க் கலவை என்பதா?

என் பரிந்துரை ‘கூட்டுப்பொருள்’. தாவரவியலில் கூட்டிலை என்கிறோம். வேப்பிலையில் ஒவ்வொரு சிற்றிலையும் தனியாகத் தெரியும், எல்லாம் சேர்ந்து ஒரே இலை. கூட்டுக்கண்ணும் அப்படித்தான். கான்கிரீட்டையும் கூட்டுப்பொருள் எனலாம். இழை உள்ளதை மட்டும் பிரித்துச் சொல்ல ‘இழைக்கூட்டு’.

> லே-அப்புக்குப் ‘பூச்சு’ போதாதா?

போதாது. லே-அப் (lay-up) என்பது மேலே சொன்னபடி துணியை அடுக்கடுக்காக அச்சில் போட்டுப் பிசினில் ஊறவைக்கும் வேலை. பூச்சு மேலே பூசுவது. இங்கே அடுக்குகளே இறக்கையாகின்றன. ‘இழையடுக்கு’ என்று வைத்தால், வினையாக ‘இழையடுக்குதல்’ தானாக வந்துவிடும்.

அப்புறம், நடுவில் வைக்கும் இலேசான பொருளுக்குத் ‘தக்கை’யே போதும் என்று நினைக்கிறேன். பால்சாவுக்கு அச்சாகப் பொருந்துகிறது. தேனடை வடிவத் தாளும் நுரையும் அதே இடத்தில் வருவதால், அவற்றையும் தேனடைத் தக்கை, நுரைத் தக்கை என்று அழைக்கலாம். எபாக்சி என்ற பிசின் வகைக்கு அந்தப் பெயரே இருக்கட்டும்.

பட்டறையில் இந்த வேலையைச் செய்கிறவர்கள் யாராவது குழுமத்தில் இருந்தால், விக்சனரியில் ஏற்றுவதற்கு முன் ‘இழையடுக்கு’ வாயில் வருகிறதா என்று சொல்லிப் பார்த்து எழுதுங்கள்.